அக்காவின் தலையில் என் கமரா

கனவில் அக்கா விழுந்துகொண்டே இருப்பாள். நிலத்தைத் தொட்டதே இல்லை. எங்கள் கிணற்றடி வாழைகளுக்கு மேலே, கைகளை விரித்தபடி, அவசரமில்லாமல் இறங்குவாள். நான் அண்ணாந்து கமராவைத் தூக்குவேன். தூக்கிய பிறகுதான் அதற்கு லென்ஸ் கண்ணாடி இல்லை என்று தெரியும். காலையில் மனைவியிடம் சொன்னால், "வயிறு முட்டத் திண்டிட்டுப் படுத்தால் உப்பிடித்தான்" என்பாள். அவளிடம் கனவு சொல்லப் போன என்னைச் சொல்லவேண்டும்.

எனக்கு வடமராட்சிக் கரையில் ஒரு சின்ன ஸ்டூடியோ. கல்யாணம், பெண்பிள்ளை பெரியவளாகும் சாமத்திய வீடு, பிறந்தநாள் என்று ஊராரின் சிரிப்பையெல்லாம் எடுத்துக் கொடுத்து வயது நாற்பத்தெட்டு ஆகிவிட்டது. அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். சுவிஸில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. அவளுடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்கு, கூட வேலை செய்பவர்கள் சேர்ந்து ஒரு பரிசு கொடுத்தார்கள். சேலை இல்லை, சங்கிலி இல்லை. விமானத்திலிருந்து ஒருதரம் குதிப்பதற்கான சீட்டு. பயிற்றுநர் ஒருவரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குதித்தாள். வீட்டுக்கு வந்து தொலைபேசியில், "ஒருக்காக் குதிச்சுப் பாத்தன் தம்பி, அவ்வளவுதான்" என்றாள். அந்த அவ்வளவுதானை நான் நம்பினேன். ஆறு மாதத்தில் தனியாகக் குதிக்கப் பழகிவிட்டாள்.

விமானச் சத்தம் கேட்டால் மண்ணுக்குள் இறங்கிய பிள்ளைகள் நாங்கள். வளவில் வெட்டிய பதுங்குகுழிக்குள் என் தலையைத் தன் மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தவள் இவள்தான். அதே மனுசி இப்போது காசு கொடுத்து விமானத்தில் ஏறி, கதவைத் திறந்து, வெளியே பாய்கிறாள் என்றால் தம்பிக்காரன் என்ன செய்வான்? நான் கோபப்பட்டேன். எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

இரண்டு வருடத்துக்கு முந்திய ஆவணி மாதம் அவள் நான்கு கிழமை விடுமுறையில் வந்தாள். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசிக்கொண்டிருந்தது. வடக்குக் கடல் படுத்திருக்கும் காலம் அது. பகல் முழுக்க அது மூச்சு விடுவதுபோல மெல்ல மேலெழுந்து தாழும், பார்த்துக்கொண்டிருந்தால் கண் செருகும். பெட்டியைத் திறந்து சொக்லேட், சவர்க்காரம், பிள்ளைகளுக்குச் சப்பாத்து என்று எடுத்துப் பரப்பிய அக்கா, கடைசியில் துவாய் ஒன்றில் சுற்றிய பெரிய உருண்டையை எடுத்து என் மடியில் வைத்தாள். கறுப்பு ஹெல்மெட். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் மாதிரி இல்லை. உச்சி மட்டும் பலகை போலத் தட்டையாக இருந்தது.

"உதிலை உன்ரை பழைய கமராவைப் பூட்டித் தா" என்றாள்.

அலுமாரியில் நான் ஓய்வு கொடுத்து வைத்திருந்த கமராவைத்தான் சொன்னாள். என் முதலாவது டிஜிட்டல் கமரா. ஸ்டூடியோவே அதன் முதுகில்தான் எழும்பியது. உடம்பு சின்னது, பாரம் குறைவு. கழுத்துக்கு அதுதான் நல்லதென்று அதன் படத்தைப் பார்த்தே தீர்மானித்துவிட்டு வந்திருக்கிறாள்.

"ஆகாயத்திலை ஆரைப் படமெடுக்கப் போறியள்?"

"முதல்முதல் குதிக்கிறவையை. அவைக்குப் பக்கத்திலை நானும் விழுந்துகொண்டு எடுக்கோணும். விழேக்கை மனுசற்றை முகத்தைப் பாக்கோணும் தம்பி. கிழவனும் குழந்தைப்பிள்ளையும் ஒரே மாதிரி. வயசு எங்கையோ கழண்டு போயிடும்."

சொல்லும்போது அவள் கண் எங்கள் கூரையைத் தாண்டி எங்கோ போய்விட்டது. பிறகு மெதுவாக, பிள்ளைக்குக் கதை சொல்வதுபோலச் சொன்னாள். கதவடியில் காது கிழியும் இரைச்சலாம். பாய்ந்த கொஞ்ச நேரத்தில் விழுகிறோம் என்பதே மறந்துபோகுமாம். காற்று மெத்தையாகி வயிற்றின் கீழ் நிற்குமாம். முகில் ஒன்று கீழேயிருந்து எழும்பி வந்து முகத்தில் ஈரமாகப் பட்டுப் போகுமாம். பரசூட் விரிந்ததும் ஒரு சத்தமும் இல்லையாம். கோயில் மூடிய பிறகு வெளிவீதியில் நிற்கிற மாதிரியாம்.

"உங்களை ஆகாயத்திலை ஒரு படத்திலை காட்டுங்கோ பாப்பம்" என்றேன்.

கைத்தொலைபேசியில் ஒரு காணொளி இருந்தது. நீல வெளியில் ஒரு புள்ளி. "உது நான்" என்றாள். கொசுவாகவும் இருக்கலாம்.

நான் சிரித்தாலும் எனக்கு அது பட்டது. படம் எடுக்கிறவர்களின் விதி அதுதானே. என் மகளின் சாமத்திய வீட்டு அல்பத்தில் தகப்பன் இல்லை. தகப்பன் கமராவுக்குப் பின்னால் நின்றான். இனி அக்காவும் அந்தப் பக்கம் வந்துவிடப் போகிறாள்.

கடற்கரையில் ஃபைபர் வள்ளங்கள் திருத்தும் என் பள்ளித் தோழனிடம் ஹெல்மெட்டைக் கொண்டுபோனேன். தென்னோலைக் கொட்டில், ரெசின் மணம், கவிழ்த்துப் போட்ட வள்ளங்கள். அவன் ஹெல்மெட்டைத் தட்டிப் பார்த்து, "நல்ல சாமான்" என்றான். மாட்டுக்கு விலை பேசுகிறவன் மாதிரி உள்ளே வெளியே எல்லாம் தடவினான். அக்கா மணலில் சப்பாணி கட்டியிருந்து வேலை சொன்னாள்.

கமராவின் பாரம் தலைக்கு நடுவில் இருக்கவேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் பரசூட் விரிகிற உதறலில் கழுத்து பிடித்துக்கொள்ளும். திருகாணிகளை உள்ளேயிருந்து வெளியே பூட்டவேண்டும். தலைகள் தட்டையாக இருக்கவேண்டும். அகலமான வாஷர் போட்டு, மேலே பஞ்சு வைத்து மூடவேண்டும், மண்டையோட்டில் ஒன்றும் முட்டக்கூடாது. வலக் கண்ணுக்கு முன்னால் குறி பார்க்க ஒரு சிறு வளையம். படம் எடுக்கக் கையைப் பயன்படுத்த முடியாது, கைகள்தான் அங்கே சிறகு. ஆகவே கமராவிலிருந்து ஒரு மெல்லிய வயர் ஹெல்மெட்டுக்குள்ளால் வாய்க்கு வரும். அதன் நுனியிலிருக்கும் பொத்தானைப் பல்லால் கடித்தால் படம்.

"கமராக்காரன் பல்லில்லாக் கிழவனெண்டால் தொழில் போச்சு" என்றான் தோழன்.

அச்சுவேலியில் லேத் பட்டறை வைத்திருப்பவரிடம் அலுமினியத் தட்டு ஒன்று வெட்டுவித்து வந்தோம். ஒரு கிழமை போனது. பின்னேரங்களில் கொட்டிலுக்குப் போவது எனக்குப் பிடித்துப் போயிற்று. கடல் அசையாமல் கிடக்கும், அரத்தின் சத்தம் தூரத்தில் யாரோ கதைப்பது மாதிரிக் கேட்கும், அக்கா வள்ளத்தின் நிழலில் தூங்கிப்போவாள். அவளுக்கு நரை வந்திருந்தது. தூங்கும்போது வாயை லேசாகத் திறந்துகொள்கிற பழக்கம் மட்டும் மாறவில்லை. இவள் திரும்பிப் போகாமல் இங்கேயே இப்படித் தூங்கிக்கொண்டிருந்தால் என்ன என்று நினைத்தேன்.

ஹெல்மெட்டை நாடியோடு கட்டும் வாரில்தான் என் வினை தொடங்கியது. வாருக்கு இரண்டு பக்கம். வலப்பக்கம் சாதாரணக் கொளுக்கி. போடவும் கழற்றவும் அதுதான். இடப்பக்கம் அவசரத்துக்கு. அங்கே வாரின் நுனியை ஒரு மெல்லிய கம்பி பிடித்துக்கொண்டிருக்கும், கம்பியின் முனையில் கன்னத்தோரம் ஒரு சிவப்பு வளையம் தொங்கும். வளையத்தை இழுத்தால் கம்பி உருவிக்கொண்டு வரும், வார் விடும், ஹெல்மெட் தலையை விட்டுப் போய்விடும்.

"ஏன் அப்பிடி?" என்று கேட்டேன்.

"பரசூட் விரியேக்கை அதின்ரை கயிறுகள் என்ரை தலைக்குப் பின்னாலைதான் எழும்பிப் போகும். கமராவிலை ஒரு கயிறு கொழுவிச்செண்டால் பரசூட் ஒழுங்கா விரியாது. என்ரை கழுத்தையும் முறிச்சுப்போடும். அப்ப வளையத்தை இழுத்து எல்லாத்தையும் விட்டிட வேண்டியதுதான்."

"கமரா?"

"அதுவும் போகும்."

அவள் அதைச் சாதாரணமாகச் சொன்னாள். தோழனும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் கரையில் எஞ்சினை வள்ளத்தின் பின்பக்கத்தில் திருகாணியால் இறுக்குவார்கள். அதற்கு மேலாக எஞ்சினையும் வள்ளத்தையும் சேர்த்து ஒரு கயிறும் கட்டுவார்கள். திருகாணி இளகினாலும் எஞ்சின் கடலுக்குப் போகாது. அந்தக் கயிறு இல்லாமல் தொழிலுக்குப் போகிறவனை இங்கே ஒருவரும் ஆளாக மதிக்கமாட்டார்கள். தண்ணி அள்ளும் வாளிக்குக் கயிறு, கத்திக்குக் கயிறு, சோற்று வாளிக்கும் கயிறு. இழுத்தவுடன் கழன்றுவிடுகிற ஒன்றை நம்பி ஒரு மனுசியை ஆகாயத்துக்கு அனுப்புவதா? என் புத்தி அப்படித்தான் போனது. காற்றுக்கு அந்த வளையம் தானாக இழுபட்டால்? நடுவானில் ஹெல்மெட் கழன்றால்? கமராவைப் பற்றியும் நினைத்தேன், இல்லை என்று சொன்னால் பொய்.

அடுத்த நாள் மத்தியானம் அக்கா கோயிலுக்குப் போயிருந்த நேரம், கன்னத்துப் பஞ்சைப் பிரித்தேன். இடப்பக்க வாரின் நுனியை ஹெல்மெட்டோடு சேர்த்து, தோழனிடம் வாங்கி வந்த வலை நூலால் தைத்தேன். பன்னிரண்டு தையல், ஒவ்வொன்றுக்கும் வலை முடிச்சு. அந்த முடிச்சு நனைந்தால் இன்னும் இறுகும். பஞ்சை மேலே ஒட்டிவிட்டேன். வெளியே சிவப்பு வளையம் முன்னர் போலவே தொங்கியது. நல்ல காரியம் செய்தவனுடைய நிம்மதியோடு கை கழுவிச் சோறு தின்றேன்.

வேலை முடிந்த பின்னேரம் அக்கா சொன்னாள்:

"பழைய வலை ஒண்டு தாங்கோ. கொழுவுதோ பாப்பம்."

ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு கவிழ்த்த வள்ளத்தின் மேல் ஏறி இருந்தாள். தோழன் கிழிந்த வலையை அவள் தலைக்கு மேலாக வீசிப் பின்னால் இழுத்தான். வலையை விடச் சோதனைக்காரன் வேறு யார்? தட்டின் மூலையில் கொழுவியது, அரத்தால் உருட்டினான். குறி வளையத்தின் காலில் கொழுவியது. இடைவெளியைப் பசை வைத்து அடைத்தான். வயர் வெளியே தெரிந்த இடத்தில் நாடா ஒட்டினோம். மறுபடி வீசினான், மறுபடி இழுத்தான். ஏழெட்டாவது தரம் வலை தண்ணீர் வழிவதுபோல அவள் தலையிலிருந்து வழுக்கி மணலில் விழுந்தது. மூன்று பேரும் கைதட்டினோம்.

"இனிக் கடைசி" என்றாள் அக்கா. "கமராவிலை ஒரு கயித்தைக் கட்டுங்கோ. நான் கண்ணை மூடிக்கொண்டிருப்பன். நான் எதிர்பாராத நேரம் இழுக்கோணும். நான் வளையத்தை இழுத்து விடுவன்."

இந்தச் சோதனை இருக்கும் என்று நான் எண்ணவே இல்லை. சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன், சொல்ல வெட்கமாக இருந்தது. தோழன் மெல்ல இழுப்பான், கழலாவிட்டாலும் அடி படாது, பிறகு தனியாக வந்து பிரித்துவிடலாம் என்று நினைத்து நின்றேன்.

தோழன் மெல்ல இழுக்கவில்லை. வலை இழுக்கிற கை அது.

அக்கா உடனே வளையத்தை இழுத்தாள். கம்பி அழகாக உருவி வந்தது. ஹெல்மெட் கழலவில்லை. அவள் தலை பின்னுக்கு மடங்கி, உடம்பு வள்ளத்தின் முதுகில் சறுக்கி, மல்லாக்க மணலில் விழுந்தாள். கையில் சிவப்பு வளையத்தைப் பிடித்தபடி, வாயைத் திறந்து, சத்தமில்லாமல் கிடந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடல் ஒருதரம் எழும்பித் தாழ்ந்தது. என் கனவில் அவள் நிலத்தைத் தொட்டதே இல்லை என்று சொன்னேனே, அன்றைக்குத் தொட்டாள்.

பிறகு இருமினாள். எழும்பி இருந்து, வலப்பக்கக் கொளுக்கியைக் கழற்றி, கழுத்தைத் தடவிக்கொண்டே கன்னத்துப் பஞ்சைப் பிய்த்தாள். தையலைப் பார்த்தாள்.

"உது ஆர் செய்தது?"

தோழன் குனிந்து பார்த்துவிட்டு, "என்ரை தையல் இல்லை" என்றான். அவன் என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்தது எனக்கு இன்னும் கூச்சமாக இருந்தது.

"நான்தான்" என்றேன். "கழண்டு விழக்கூடாதெண்டு…"

"கழண்டு விழத்தான்ரா உது இருக்குது!" அக்கா கத்தினாள். என் வாழ்நாளில் அவள் என்னைப் பார்த்துக் கத்தியது அது ஒருதரம்தான். "அங்கை குதிக்க முதல் சோதிக்கிறவர் வெளிப்பக்கத்தைத்தான் பாப்பார். பஞ்சைப் பிரிச்சுப் பாக்கமாட்டார். உதோடை நான் மேலை போயிருந்தால்? என்னைச் சாக்காட்டப் பாத்தனியோ?"

நாற்பத்தாறு வயது ஆண்பிள்ளை, கடற்கரையில், தோழனுக்கு முன்னால் அழுதேன். "எனக்குப் பயமாக் கிடக்குது அக்கா" என்றேன். இத்தனை வருடம் கோபமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை அன்றைக்குத்தான் அதன் பெயரில் சொன்னேன்.

அவள் தோழனிடம் கத்தியை வாங்கி என் கையில் வைத்தாள்.

"நீ தைச்சனி. நீயே வெட்டு."

பன்னிரண்டு தையலையும் வெட்டினேன். முடிச்சுகள் நன்றாக இறுகியிருந்தன, நேரம் எடுத்தது. வாரின் நுனி முழுக்க ஊசித் துளைகள். அதை மாற்றிப் புது வார் போடலாம் என்றேன். துளை பலத்தைக் குறைக்குமோ என்று அவளே இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்துவிட்டு, அங்கே போய்ச் சோதிக்கிறவரிடம் நடந்ததைச் சொல்லிக் காட்டுவதாகச் சொன்னாள். பிறகு கழுத்து நோவோடு மறுபடி வள்ளத்தில் ஏறினாள். இம்முறை கயிற்றை இழுக்க வேண்டியவன் நான் என்றாள். இழுத்தேன். அவள் வளையத்தை உருவினாள், ஹெல்மெட் தலையை விட்டுக் கிளம்பி, என் கமராவோடு சேர்ந்து, தோழன் விரித்துப் பிடித்த வலைக்குள் போய் விழுந்தது. திரும்பவும் என்றாள். வெயில் மஞ்சளாகும் வரை இழுத்தேன். கடைசிக் கடைசியாக அது பறந்து போவதைப் பார்க்க எனக்குப் பயம் குறைந்திருந்தது. போகவில்லை, குறைந்திருந்தது.

அக்கா போனாள். தைலம் பூசிய கழுத்தோடுதான் விமானம் ஏறினாள். சோதிக்கிறவர் வாரை மாற்றத் தேவையில்லை என்று பார்த்துச் சொன்னாராம். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் படங்கள் வந்தன. ஆகாயத்தில் வாய் பிளந்த முகங்கள், கன்னம் காற்றில் அலையடிக்கும் முகங்கள், அழுகிறார்களா சிரிக்கிறார்களா என்று தெரியாத முகங்கள். அவள் சொன்னது சரி, வயதே தெரியவில்லை. நான் ஸ்டூடியோவில் மணமக்களைச் சிரிக்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருக்கும்போது அந்த முகங்கள் ஞாபகத்துக்கு வரும்.

போன வைகாசியில் ஒரு திங்கட்கிழமை காலை, ஸ்டூடியோவைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அக்காவின் அழைப்பு.

"தம்பி, உன்ரை கமரா போயிட்டுது" என்றாள்.

தும்புத்தடி கையிலிருந்து விழுந்தது. "நீங்கள்?"

"நான்தானே கதைக்கிறன், விசரா. கயிறு ஒண்டு கொழுவிப் போட்டுது. இழுத்தன். விட்டிட்டுது."

கதிரையில் இருந்துவிட்டேன். கமரா பற்றி அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். புது மொடல் வாங்கி அனுப்புவதாகச் சொன்னாள். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. அவள் மூச்சு விடுகிற சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டு கிழமை கழித்து ஒரு கமக்காரர் தன் சோளத் தோட்டத்தில் ஹெல்மெட்டைக் கண்டெடுத்துக் கொடுத்தாராம். கமரா சில்லுச் சில்லாய்ப் போயிருந்தது. உள்ளே இருந்த நினைவு அட்டை பிழைத்திருந்தது. அதிலிருந்த கடைசிப் படத்தை அக்கா எனக்கு அனுப்பினாள்.

பரசூட் கயிறு ஹெல்மெட்டை மேலே தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. கமரா கீழ்நோக்கித் திரும்பியிருக்கிறது. அவள் பயத்தில் பல்லை இறுக்கிக் கடித்திருந்ததால் வயர் வாயிலிருந்து பிடுங்குப்பட்டபோது பொத்தான் அமுங்கிவிட்டது. படத்தில் என் அக்கா. ஹெல்மெட் இல்லாத தலை, நாலா பக்கமும் பறக்கிற நரை முடி, அண்ணாந்த முகம். காலுக்குக் கீழே மிகத் தூரத்தில் பச்சைப் பாத்திகள். தூக்கிய கையில் சிவப்பு வளையம். அவள் முகத்தில் ஐம்பத்து மூன்று வயது இல்லை. பதுங்குகுழிக்குள் என் தலையை அமுக்கிப் பிடித்திருந்தவளின் முகம் அது.

படத்தின் ஓரத்தில், கண்ணாடிக்கு மிகக் கிட்டத்தில், கலங்கலாக ஒரு கறுப்புக் கோடு. மற்றவர்களுக்கு அது என்னவென்று தெரியாது. அது விடுபட்ட வாரின் நுனி, நான் தைத்த இடம்.

பெரிதாக்கிச் சட்டம் போட்டு ஸ்டூடியோவில் மாட்டியிருக்கிறேன். தோழன் வந்து நெடுநேரம் நின்று பார்த்தான். போகும்போது மேசை லாச்சியில், அன்றைக்குத் தைத்ததில் மிச்சமிருந்த வலை நூலை எடுத்து அவனிடம் கொடுத்துவிட்டேன்.